மலையை நகர்த்தும் கேமரா

தேனி மாவட்டத்துக் கம்பத்தில் மேற்கே பார்த்த ஜன்னல் ஒன்றின் முன்னால் போய் நில்லுங்கள். மாடி ஜன்னலாக இருந்தால் நல்லது. ஜன்னலுக்கும் உங்களுக்கும் ஒரு மீட்டர் இடைவெளி இருக்கட்டும். வெளியே தென்னந்தோப்பு, அதைத் தாண்டி வயல், அதற்கப்பால் கம்பம்மெட்டுப் பக்கத்து மலை. கையை முழுக்க நீட்டி முஷ்டி பிடித்தால் மறையும் அளவுக்கு ஒரு முகட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். கண்ணுக்கு அது ஏறத்தாழ 10 டிகிரி அகலம். ஜன்னலின் அகலம் 1 மீட்டர் என்றால், அந்த முகடு ஜன்னலில் பிடிக்கும் இடம் சுமார் 17 சென்டிமீட்டர்தான். இப்போது மலைமேல் வைத்த கண்ணை எடுக்காமல் பின்னால் நகருங்கள். ஜன்னலிலிருந்து 4 மீட்டர் தள்ளிப் போனதும் அதே முகடு 70 சென்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நீங்கள் மலையைவிட்டு விலகித்தான் வந்தீர்கள். ஆனால் அது முன்னைவிடப் பெரிதாக ஜன்னலை அடைத்துக்கொண்டிருக்கிறது.

இதில் கண்கட்டு எதுவும் இல்லை. மலை கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கிறது. நீங்கள் பின்வாங்கிய 3 மீட்டர் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. கண்ணுக்கு அது முன்பு எவ்வளவோ இப்போதும் அவ்வளவுதான். ஜன்னலுக்கு அப்படி இல்லை. 1 மீட்டர் தூரம் 4 மீட்டர் ஆகிவிட்டதால் அது நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. சட்டம் சுருங்கியது, மலை சுருங்கவில்லை.

கண் இருக்கும் இடத்தில் ஒரு கேமராவை வையுங்கள். அது பின்வாங்கப் பின்வாங்க, ஈடுகட்டுவதுபோல ஜூம் செய்துகொண்டே வாருங்கள். ஜூம் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெருக்கும். நாலில் ஒரு பங்கான ஜன்னல் நான்கு மடங்கு பெருகிப் பழைய அளவுக்கே திரும்பிவிடும். சுருங்காமல் இருந்த மலையோ நான்கு மடங்காகிவிடும். திரையில் பார்க்கிறவருக்கு ஜன்னல் இருந்த இடத்தில் இருக்கும், மலை மட்டும் எழும்பி வரும். படப்பிடிப்பில் கேமராவை டிராலி என்ற வண்டியில் வைத்து, ‘டிராலி பேக், ஜூம் இன்’ என்று சொல்லி எடுக்கும் ஷாட்டின் அறிவியல் இவ்வளவுதான். உலகம் முழுக்க இதை டாலி ஜூம் என்பார்கள். அதைப் புகழ்பெறச் செய்த படத்தின் பெயரால் வெர்டிகோ ஷாட் என்றும் சொல்வதுண்டு.

படுக்க வைத்த படிக்கட்டு

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ 1958ல் வெளியானது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த துப்பறிவாளருக்கு உயரம் என்றாலே பயம். மணிக்கூண்டுப் படிக்கட்டில் ஏறும்போது அவர் கீழே குனிந்து பார்க்கிறார். படிகள் சூழ்ந்த அந்தக் குழி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீள்கிறது. சட்டத்தின் ஓரங்கள் அசையவில்லை, ஆழம் மட்டும் இழுபடுகிறது. சில நொடிகளே வரும் அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அடிவயிற்றில் ஏற்படும் கலக்கம் மறப்பதில்லை.

அந்த எண்ணம் ஹிட்ச்காக்குக்கு ஒரே நாளில் வந்ததல்ல. லண்டன் ஆல்பர்ட் ஹாலில் நடந்த ஒரு விழாவில் போதை தலைக்கேறி நின்றபோது, எல்லாமே தன்னைவிட்டுத் தூரத் தூரப் போவதாக உணர்ந்ததை அவர் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் சொல்லியிருக்கிறார். 1940ல் வந்த ‘ரெபெக்கா’ படத்திலேயே அதைக் காட்ட விரும்பினார், முடியவில்லை. பதினைந்து ஆண்டுகள் அதை மனத்தில் போட்டு வைத்திருந்தார். ‘வெர்டிகோ’வில்தான் விடை கிடைத்தது. டிராலியும் ஜூமும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். அந்த ஷாட்டை நடைமுறையில் எடுத்துக் காட்டியவர் இரண்டாம் யூனிட் ஒளிப்பதிவாளர் இர்மின் ராபர்ட்ஸ்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. உண்மையான படிக்கட்டின் உச்சியில் கேமராவைத் தொங்கவிட்டு மேலும் கீழும் ஓட்ட வேண்டுமானால் பெரிய இயந்திர ஏற்பாடு வேண்டும். செலவு 50,000 டாலர் ஆகும் என்றார்கள். காட்சியில் மனிதர் யாரும் இல்லை, துப்பறிவாளரின் பார்வை மட்டும்தான். எனவே படிக்கட்டைச் சிறு மாதிரியாகச் செய்து, தரையில் படுக்க வைத்து, கேமராவைக் கிடைமட்டமாக ஓட்டினால் போதும் என்று ஹிட்ச்காக் யோசனை சொன்னார். 19,000 டாலரில் வேலை முடிந்தது. படம் வரைந்து வைத்து அவர்கள் ஏமாற்றவில்லை, ஆழம் உள்ள ஒரு மாதிரியைத்தான் கட்டினார்கள் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பின்னால் அது நமக்குத் தேவைப்படும்.

இந்த ஷாட்டுக்கு இரண்டு திசைகள் உண்டு. டிராலி பின்னால் போய் ஜூம் முன்னால் வந்தால், பின்னணி வீங்கி ஆளின் முதுகோடு வந்து ஒட்டும். டிராலி முன்னால் போய் ஜூம் விரிந்தால், பின்னணி சிறுத்து ஓடும், ஆள் தனித்து விடப்படுவார். ஸ்பீல்பெர்கின் ‘ஜாஸ்’ படத்தில், 1975ல், கடற்கரையில் உட்கார்ந்திருக்கும் காவல் அதிகாரி சுறாவின் தாக்குதலைப் பார்க்கும் நொடியில் வருவது இரண்டாவது வகை. ஸ்கோர்செஸியின் ‘குட்ஃபெல்லாஸ்’ படத்தில், 1990ல், உணவகத்தில் எதிரெதிரே அமர்ந்து பேசும் இரண்டு பேருக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே இருக்கும் தெரு மெல்ல மெல்ல நெருங்கி வருவது முதல் வகை. ஸ்பீல்பெர்க் அதை ஓர் அதிர்ச்சியாக ஆக்கினார். ஸ்கோர்செஸி, பார்க்கிறவருக்கே தெரியாமல் ஏறும் அச்சமாக ஆக்கினார்.

பந்தலை ஒட்டிய பாதையில் ஒரு கணக்கு

கம்பம் பள்ளத்தாக்கு இந்த ஷாட்டுக்கென்றே வாய்த்த இடம். மேற்கே கேரள எல்லை மலை, கிழக்கே மேகமலை, நடுவே மட்டமான வயலும் தோப்பும். அருகில் இருப்பது, நடுவில் இருப்பது, எட்டாத் தொலைவில் இருப்பது என்று எல்லாத் தூரங்களும் ஒரே பார்வையில் அடுக்கடுக்காகக் கிடைக்கும். 2023ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைத் தோட்டங்களில் இந்த அடுக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்கள் அவை. தூண்கள் வரிசையாகப் போவதால் தூரத்தை எண்ணிப் பார்த்துவிடலாம்.

பந்தலை ஒட்டிய பாதையில் ஒரு பெண் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேமரா அவரிடமிருந்து 1.5 மீட்டரில் இருக்கிறது, லென்ஸ் 24 மில்லிமீட்டர் குவியத்தூரத்தில். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள முழுச்சட்ட உணரி (சென்சார்) என்றால், அவர் நிற்கும் இடத்தில் 2.25 மீட்டர் அகலம் சட்டத்துக்குள் வரும். இடுப்புக்கு மேலே அவரும் சுற்றிலும் கொஞ்சம் தோட்டமும். கேமரா 6 மீட்டருக்குப் பின்வாங்குகிறது, லென்ஸ் 96 மில்லிமீட்டருக்குப் போகிறது. தூரமும் நான்கு மடங்கு, குவியத்தூரமும் நான்கு மடங்கு. அவர் நிற்கும் இடத்தில் சட்டத்தின் அகலம் இப்போதும் அதே 2.25 மீட்டர். திரையில் அவர் ஒரு விரல்கடைகூடக் கூடவில்லை, குறையவில்லை.

அவருக்குப் பின்னால் என்ன ஆனது? 3 மீட்டர் பின்னால் நிற்கும் கல்தூண், திரையில் முன்பிருந்ததைப் போல 2 மடங்காகிவிட்டது. 12 மீட்டர் பின்னால் இருக்கும் தென்னை 3 மடங்கு. 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மலை ஏறத்தாழ முழு 4 மடங்கு. தூரம் கூடக்கூட வளர்ச்சியும் கூடுகிறது. அதோடு, பெண்ணுக்கு அரை மீட்டர் முன்னால் ஒரு திராட்சைக் கொடி தொங்கினால், அது முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்கியிருக்கும். முன்னால் உள்ளது சிறுக்கிறது, நடுவில் உள்ளவர் நிலைக்கிறார், பின்னால் உள்ளதெல்லாம் தத்தம் தூரத்துக்கேற்ற வேகத்தில் பெருகுகிறது. வெளியே எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, படத்துக்குள் மட்டும் இடம் சுருங்கி மடிகிறது.

பரவலாக இருக்கும் ஒரு நம்பிக்கையை இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். ‘டெலி லென்ஸ் தூரத்தை அமுக்கும், வைடு லென்ஸ் தூரத்தை விரிக்கும்’ என்பார்கள். லென்ஸ் அப்படி எதுவும் செய்வதில்லை. நின்ற இடத்தை விட்டு நகராமல் 24லும் 96லும் ஒவ்வொரு படம் எடுங்கள். 24ல் எடுத்த படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்குங்கள். மலைக்கும் மரத்துக்கும் மனிதருக்கும் உள்ள அளவு விகிதம் இரண்டு படத்திலும் அச்சு மாறாமல் ஒன்றாகவே இருக்கும். எதற்கு எது பெரிது என்பதைத் தீர்மானிப்பது கேமரா நிற்கும் இடம் மட்டுமே. லென்ஸ் செய்வது, அதில் எவ்வளவு பகுதியை வெட்டித் தருவது என்பதை மட்டும்தான். டாலி ஜூமில் பார்வையை மாற்றுவது டிராலி. அந்த மாற்றத்தை நம் கண்ணிலிருந்து மறைப்பது ஜூம்.

ஒரே தாளத்தில் நான்கு பேர்

கணக்கு எளிது, கையில் வருவது கடினம். டிராலி சீரான வேகத்தில் 6 நொடியில் அந்த 4.5 மீட்டரைக் கடக்கிறது என்று கொள்வோம். முதல் 1.5 மீட்டர் போவதற்குள் தூரம் இரட்டிப்பாகிவிடும். அதாவது முதல் 2 நொடியிலேயே லென்ஸ் 24லிருந்து 48க்குப் போயாக வேண்டும். 48லிருந்து 96க்குப் போக மீதி 4 நொடி இருக்கிறது. பல ஜூம் லென்ஸ்களில் 24லிருந்து 48 வரையிலான திருப்பமும் 48லிருந்து 96 வரையிலான திருப்பமும் கிட்டத்தட்ட சமமாகத்தான் இருக்கும். ஆகவே ஜூம் வளையத்தைத் தொடக்கத்தில் விறுவிறுவென்றும் போகப்போக நிதானமாகவும் திருப்ப வேண்டும். டிராலி ஒரே வேகத்தில் போக, கை மட்டும் வேகம் குறைந்துகொண்டே வர வேண்டும். கை கொஞ்சம் பிந்தினால் முகம் சுருங்கிப் பிறகு விரியும். பார்வையாளர் உடனே கேமராவைக் கண்டுபிடித்துவிடுவார்.

இது போதாதென்று ஃபோகஸ் வேறு. ஆள் நகரவில்லை என்றாலும் கேமரா நகர்வதால் 1.5 மீட்டரிலிருந்து 6 மீட்டர்வரை ஃபோகஸை இழுத்துக்கொண்டே வர வேண்டும். ஃபோகஸ் புல்லர் டேப் பிடித்து அளந்து, தண்டவாளத்தின் ஓரத்தில் சாக்பீஸால் குறி போட்டு, ஒவ்வொரு குறிக்கும் லென்ஸில் ஒரு குறி வைத்துக்கொள்வார். தோட்டத்து மண் மட்டமாக இருக்காது. தண்டவாளத்துக்கு அடியில் கட்டையும் ஆப்பும் கொடுத்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஒரு சின்னக் குலுக்கல்கூட 96 மில்லிமீட்டரில் நான்கு மடங்காகத் தெரியும். டிராலி தள்ளுபவர், ஜூம் பிடிப்பவர், ஃபோகஸ் இழுப்பவர், சட்டத்தைக் காப்பவர் என்று நான்கு பேரின் கைகள் ஒரே தாளத்தில் நடந்தால்தான் அந்த 6 நொடி கிடைக்கும். ரிகர்சல் பார்க்காமல் எடுக்கக்கூடிய ஷாட் அல்ல இது.

ஒளியைப் பற்றியும் யோசிக்க வேண்டும். போட்டோ எடுக்கும் சில ஜூம் லென்ஸ்கள் நீளப் பக்கம் போகப்போக ஒளியைக் குறைத்துவிடும், படம் பாதியில் இருண்டுவிடும். சினிமா ஜூம் லென்ஸ்கள் ஒளியை ஒரே நிலையில் வைத்திருக்கும்படி செய்யப்பட்டவை. அப்புறம், லென்ஸ் துளையின் எஃப் எண் மாறாமல் இருந்தால் மலை நான்கு மடங்கு பெரிதாகும்போது மலையின் மங்கலும் நான்கு மடங்காகும். மலையின் உருவம் கலையாமல் வேண்டுமென்றால் துளையைச் சுருக்கியே எடுக்க வேண்டும். கம்பத்து வெயிலில் அதற்கு வேண்டிய ஒளிக்குப் பஞ்சமில்லை. ஆனால் உச்சி வெயிலில் தரையிலிருந்து எழும் அனல், நீள லென்ஸில் மலையை அலையாட வைக்கும். காலை நேரமே உத்தமம்.

கண் ஒத்துக்கொள்ளாதது ஏன்

நம் கண்ணில் ஜூம் கிடையாது. பிறந்த நாள் முதல் நாம் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான். நாம் பின்வாங்கினால் எல்லாம் சிறுக்கும், அருகில் இருப்பது அதிகமாகச் சிறுக்கும். முன்னேறினால் எல்லாம் பெருகும், அருகில் இருப்பது அதிகமாகப் பெருகும். தொலைவில் இருப்பது எந்தப் பக்கம் போனாலும் அசையாது. நடந்து போகும்போதும் பேருந்தில் போகும்போதும் மூளை இந்தப் பாடத்தை வைத்துத்தான் நாம் எங்கே இருக்கிறோம், எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்று கணக்கிடுகிறது.

டாலி ஜூம் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குகிறது. அசையவே கூடாத மலை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பெருகுகிறது. அருகில் இருப்பவர் மாறவே இல்லை. ஒன்று பெருகினால் அது நம்மை நோக்கி வருகிறது என்று பொருள். கைக்குழந்தைகூடத் தன் முன்னால் விரிந்துகொண்டே வரும் நிழலைக் கண்டால் கண்ணை இமைக்கும். அத்தனை ஆழமான எச்சரிக்கை அது. அந்த எச்சரிக்கை அடிக்கும்போதே, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உடம்பும் உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பும் எதுவும் நகரவில்லை என்று சாட்சி சொல்கின்றன. இரண்டு சாட்சியும் ஒத்துப்போகாதபோது வருவதுதான் அந்தத் தலைசுற்றல்.

இந்தக் குழப்பத்தில் திரைக்குள் பொய் சொல்லாமல் நிற்கும் ஒரே சாட்சி நிறம். தொலைவில் உள்ள மலை நீலமாகத் தெரிவதற்குக் காரணம், மலைக்கும் நமக்கும் இடையில் இருக்கும் காற்று சூரிய ஒளியில் நீலத்தை அதிகமாகச் சிதறடிப்பது. நிஜமாகவே மலையை நெருங்கிப் போனால் அந்த நீலம் விலகும், பச்சை தெளியும், பாறையும் மரமும் தனித்தனியாகப் பிரியும். டாலி ஜூமில் கேமரா நகர்வது 4.5 மீட்டர்தான். இடையிலுள்ள காற்று குறையவே இல்லை. எனவே மலை நான்கு மடங்காகி ஆளின் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கும்போதும், அதே நீலத்தோடுதான் நிற்கும். அளவு ‘நெருங்கிவிட்டேன்’ என்கிறது, நிறம் ‘அங்கேயே இருக்கிறேன்’ என்கிறது. திறந்த பள்ளத்தாக்கில் எடுக்கும் இந்த ஷாட் கனவுபோலத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். நான்கு சுவருக்குள் எடுக்கும்போது அந்த நீலம் கிடைக்காது.

துணியில் எழுதிய மலை

ஸ்டூடியோவிலேயே படம் முடிந்த காலத்தில் பின்னால் துணியில் மலை எழுதி வைப்பார்கள். அதன் முன்னால் இந்த ஷாட்டை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? துணி ஆளுக்கு 12 மீட்டர் பின்னால் இருக்கிறது என்று கொள்வோம். அதில் வரைந்த மரமும் 3 மடங்கு, மலையும் 3 மடங்கு, மேகமும் 3 மடங்கு. எல்லாம் ஒரே துணியில் இருப்பதால் எல்லாம் ஒரே அளவில் பெருகும். அடுக்கடுக்கான அந்த அசைவு இருக்காது. மலை மலையாக இல்லை, திரைச்சீலை என்று குட்டு வெளிப்பட்டுவிடும். ஹிட்ச்காக்குக்குப் படம் எழுதிய பலகை போதாமல், ஆழமுள்ள மாதிரிப் படிக்கட்டு தேவைப்பட்டது இதனால்தான். இந்த ஷாட்டுக்கு வேண்டிய மூலப்பொருள் உண்மையான ஆழம்.

அந்த ஆழத்தைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்ததில் தேனிக்காரர்களின் பங்கு பெரிது. அல்லிநகரத்திலிருந்து போன பாரதிராஜா 1977ல் ‘16 வயதினிலே’ எடுத்தபோது, நிஜமான தெருவும் நிஜமான வானமும் கதையின் பகுதியாயின. 2018ல் லெனின் பாரதி இயக்கிய ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ இந்தப் பள்ளத்தாக்கின் மலையையே கதையாக எடுத்துக்கொண்டது. ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர், இசை பண்ணைப்புரத்து இளையராஜா. ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலையேறி இறங்கி, சொந்தமாகத் துண்டு நிலம் வாங்கத் துடிக்கும் ஒரு தொழிலாளியின் வாழ்க்கை அது. அந்தப் படத்தில் மலை பின்னணி அல்ல. சோறு போடுவதும் அதுதான், ஆளை நெருக்குவதும் அதுதான். மனிதருக்கும் மலைக்கும் உள்ள அளவு விகிதம் என்பது இங்கே ஒளியியல் மட்டுமல்ல, வாழ்க்கையின் கேள்வியும்கூட. டாலி ஜூம் தொடுவது அந்த விகிதத்தைத்தான்.

கையில் இருக்கும் கேமரா

இதற்கெல்லாம் டிராக்கும் டிராலியும் ஜூம் லென்ஸும் இருந்தாக வேண்டும் என்ற காலம் போய்விட்டது. 2018ல் வந்த மேவிக் 2 ஜூம் என்ற டிரோனில் 24லிருந்து 48 மில்லிமீட்டர் வரை ஜூம் இருந்தது. பின்னால் பறந்துகொண்டே அதற்கேற்பத் தானாக ஜூம் செய்யும் வசதியும் அதில் இருந்தது. டிரோன் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இங்கே கணக்கு மீட்டரில் இல்லை, மடங்கில் இருக்கிறது. 1.5 மீட்டரில் நிற்பவரிடமிருந்து இன்னொரு 1.5 மீட்டர் விலகினாலே மலை 2 மடங்காகிவிடும். ஆள் 50 மீட்டரில் இருந்தால், அதே விளைவுக்கு இன்னும் 50 மீட்டர் பறக்க வேண்டும்.

டிரோனும் வேண்டாம், செல்போன் போதும். 4கே தரத்தில் பதிவு செய்யுங்கள். நண்பரை வரப்பில் நிறுத்தி, 1.5 மீட்டரிலிருந்து 3 மீட்டர்வரை ஒரே சீராகப் பின்னால் நடந்து வாருங்கள். எடிட்டிங் செயலியில், முதல் சட்டத்தில் அவர் தோளின் அகலம் எவ்வளவோ அதே அகலம் கடைசிவரை இருக்கும்படி படத்தை மெல்ல மெல்லப் பெரிதாக்குங்கள். 3840 புள்ளி அகலமுள்ள படத்தை 2 மடங்கு பெரிதாக்கினாலும் 1920 புள்ளி மிஞ்சும், எச்டி தரம் கெடாது. பின்னால் மேகமலை இரண்டு மடங்காகி எழும்புவதைப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் வடிவொத்த முக்கோணம் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பாடம் கிடையாது. கணக்கு ஆசிரியர்கள் ஒரு வகுப்பைத் தோப்புக்கு மாற்றிக்கொண்டு இதைச் செய்து காட்டலாம், காட்ட வேண்டும்.

குறும்படம் எடுக்கத் துடிக்கும் இளைஞர்கள் இந்தப் பகுதியில் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கற்றுக்கொண்டதும் நாலு காட்சிக்கு ஒன்றாக இதைச் சேர்க்கத் தோன்றும். சேர்த்தால் அது வெறும் வித்தையாகிவிடும். ‘ஜாஸ்’ படத்தில் காவல் அதிகாரி சுறாவைப் பார்த்த பிறகு அவர் இருக்கும் கடற்கரை முன்பிருந்த கடற்கரை அல்ல. ‘குட்ஃபெல்லாஸ்’ உணவகத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் இனி நண்பர்கள் அல்ல. ஓர் ஆளுக்கும் அவரைச் சுற்றியிருக்கும் உலகத்துக்கும் உள்ள உறவு அந்த நொடியில் மாறுகிறது, அதனால் சட்டத்துக்குள் அளவுகளும் மாறுகின்றன. எடுப்பதற்கு முன்னால், கதையில் இந்த நொடியில் என்ன மாறுகிறது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வரியில் பதில் சொல்ல முடிந்தால் மட்டும் டிராக் போடச் சொல்லுங்கள்.